எந்தச் சுரங்கத்துக் கரி?

1

காலையில் சங்கரன்கோவிலிலிருந்து தங்கை கூப்பிட்டாள். நான் இவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"எக்கா, போன வருசம் இதே நாள்தான அத்தான் பொழச்சு வந்தாவ? அதான் கோயிலுக்குப் போயி அத்தான் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாரேன்."

"சரிம்மா. நல்லது."

"அத்தான்ட்ட குடேன். ஒரு வார்த்தை பேசிக்கிடுதேன்."

"குளிச்சிட்டு இருக்காவ" என்றேன். இவர் எனக்கு எதிரேதான் நின்றிருந்தார். என் கை எங்கே நின்றதோ அந்த மூன்றாவது பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் யாருக்கும் நான் உள்ளதைச் சொல்லவில்லை. 'கொஞ்சம் அசதி, ஓய்வில் இருக்காவ' என்பதோடு சரி. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். தங்கை அழுவாள். கிளம்பி வந்துவிடு என்பாள். எங்கே வருவது? இந்த வைத்தியத்தை அங்கே யார் பார்ப்பார்கள்? என் வேலை என்ன ஆகும்? மகள் படிப்பு?

பாளையங்கோட்டையில் சிறுபத்திரிகை நடத்தும் என் கல்லூரித் தோழி, மும்பை வாழ்க்கையைப் பற்றி எழுதித் தா என்று பல வருடமாகக் கேட்கிறாள். மழையையும் மின்சார ரயிலையும் எல்லோரும் எழுதியாயிற்று. தங்கையிடம் சொல்ல முடியாமல் போனை வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு பாங்குக்கு லீவு போட்டிருக்கிறேன்.

2

இவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்கு என்ன, கரி வியாபாரமா?" தரகர் அவ்வளவுதான் சொல்லியிருந்தார் போல. இவர் சிரிக்கவில்லை. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார்.

"மாமா, நம்ம நாட்டுல கரிக்குப் பஞ்சமே இல்ல. ஆனா பாதி மண்ணும் கல்லும். எரிச்சா மலை மலையாச் சாம்பல்தான் மிச்சம். அதனால நல்ல கரியக் கப்பல்ல கொண்டாந்து எறக்குதோம். நம்ம கரிய எரிக்கக் கூடாது. காத்த அளந்து விட்டு, கூட நீராவியும் விட்டு, நல்லாச் சூடாக்குனா அது வாயுவா மாறிரும். அந்த வாயுவ வச்சு உரம் செய்யலாம், எரிபொருள் செய்யலாம். மட்டமான கரின்னு ஒதுக்குதோம்லா, எனக்கு அதுலதான் வேலை."

அப்பா தலையைத் தலையை ஆட்டினார். உள்ளே அம்மா என் காதில், "நல்லாத்தான் பேசுதாரு. ஆனா உன்னைய ஒருவாட்டிகூடப் பாக்கலியேட்டி" என்றாள்.

கல்யாணமாகி மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இவருடைய சொந்தக்காரர் வீட்டு மாடி அறைக்கு வந்தேன். இறங்கினால் தமிழ், ஏறினால் தமிழ். கடையில் கொத்தமல்லி வாங்கக்கூட இந்தி தேவைப்படவில்லை. இவருக்குச் செம்பூரில் ஆபீஸ். சட்டைப்பையில் கரித்துண்டோடு வருவார். துவைத்தாலும் போகாத ஒரு சாம்பல் நிறம் இவர் சட்டைகளுக்கெல்லாம் உண்டு. எங்கள் மகள் நிவேதா பிறந்ததும் தவழ்ந்ததும் அந்த அறையில்தான். தெருப் பிள்ளைகளோடு அச்சு அசல் திருநெல்வேலித் தமிழில் சண்டை போடுவாள்.

அவள் பள்ளிக்கூடம் போகும் வயதில் கம்பெனி செம்பூரில் குவார்ட்டர்ஸ் கொடுத்தது. இரண்டு அறை, பால்கனி, இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர். எனக்கும் ஒரு கூட்டுறவு பாங்கில் கவுண்டர் வேலை கிடைத்தது. நாங்கள் பூரித்துப்போனோம். அந்தக் குவார்ட்டர்ஸில் தமிழ் பேச யாருமில்லை என்பது உடனே உறைக்கவில்லை. நாங்கள் தமிழில் கேட்போம், நிவேதா இந்தியில் பதில் சொல்வாள். பிறகு கேள்வியையே இந்தியில் கேட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள் என்றாயிற்று. இவர் மாதத்தில் பாதி நாள் கரியை வாயுவாக்கிப் பார்க்கும் சோதனை ஆலையில். வீட்டில் இருக்கும் நாளில் ஏதாவது பேசப் போவார். அவள் காதிலிருந்து இயர்போனை எடுக்காமலே, "ஹாம் பப்பா, டீக் ஹே" என்று இந்தியிலேயே சரி சொல்லி முடித்துவிடுவாள். இவர் என்னைப் பார்ப்பார். கணினி படிக்கும் பெண்ணுக்கும் கரி படித்த அப்பாவுக்கும் நடுவில் நான்தான் சேதி கொண்டுபோகிறவளாக இருந்தேன்.

3

சோதனை ஆலை இங்கிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில், சுரங்கங்களுக்கு நடுவே இருக்கிறது. போன வருடம் ஒருநாள் அங்கே உலையின் அடிப்பகுதியில் சாம்பல் உருகிக் கட்டியாகி அடைத்துக்கொண்டதாம். உலையை நிறுத்தி, ஆறவிட்டு, உள்ளே இருந்த வாயுவை வெளியேற்றிவிட்டுத்தான் கதவைத் திறந்திருக்கிறார்கள். முழுக்க வெளியேறவில்லை. ராம்சரண் என்கிற ஆபரேட்டர் கட்டியை உடைக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவரை இழுக்கப் போன இவரும் சாய்ந்துவிட்டார்.

கார்பன் மோனாக்சைடு. மட்டமான கரியிலிருந்து இவர் வாழ்நாளெல்லாம் எடுக்கப் பாடுபட்ட வாயுவில் பெரும்பங்கு அதுதான். நிறம் கிடையாது, வாசனை கிடையாது.

ராம்சரண் பிழைக்கவில்லை. இவர் மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். நானும் நிவேதாவும் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் உட்கார்ந்து இட்லி கேட்டார். அங்கே ஏது இட்லி? அழுதுகொண்டே சிரித்தோம். அந்த நாளுக்குத்தான் தங்கை அர்ச்சனை செய்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தார். கம்பெனி டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, பூரண குணம், வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்தார். நானே அந்தத் தாளை சாமி படத்தின் கீழ் வைத்தேன். மூன்று வாரம் போல நன்றாக இருந்தார். ராம்சரணை நினைத்து அழுதார். மீன் வாங்கி வந்து தானே குழம்பு வைத்தார். நிவேதாகூட இயர்போன் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் இவர் வீட்டில் இருந்ததே இல்லை.

பிறகு ஒருநாள் பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை. தேடிப் போனால், செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார், மேலே ஏறுவதா கீழே இறங்குவதா என்று தெரியாமல். ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் சட்டையைக் காலில் மாட்டப் பார்த்தார். அதற்கடுத்து நடை சுருங்கியது, முகத்தில் அசைவு நின்றது, பேச்சு போயிற்று.

"இந்த வாயு சில பேரை முதலில் விட்டுவிடும். பிறகு வந்து பிடிக்கும்" என்றார் நரம்பு டாக்டரம்மா. "மூளையில் ஏற்கனவே சேதம் நடந்திருக்கிறது. இப்போதுதான் வெளியே தெரிகிறது."

"சரியாகிவிடுமா?"

"சிலருக்கு ஆகிறது. விடாமல் பயிற்சி கொடுங்கள். பேச்சுக் கொடுங்கள்."

4

கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. விபத்துக்குப் பின் பூரண குணமென்று சான்று இருக்கிறது, இப்போது வந்திருப்பது வேறு வியாதி, வயதுக் கோளாறு என்று எழுதியது. விபத்தால் வந்த வியாதி என்றால் வைத்தியத்தை அவர்கள் பார்க்க வேண்டும், குவார்ட்டர்ஸும் எங்களுக்குத் தொடரும். இல்லையென்றால் இரண்டும் கிடையாது. சாமி படத்தின் கீழிருந்த தாளை எடுத்துப் பீரோவுக்குள் போட்டேன். அவர்களிடம் அதன் நகல் பத்திரமாக இருந்தது.

அரசாங்கத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். இந்த ஜன்னல் இல்லை, அந்த ஜன்னல் என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் பாங்கிலிருந்து ஓடிப்போய் வரிசையில் நிற்பேன். ஒரு குமாஸ்தா இவர் பெயரை மராத்தியில் தப்பாக எழுதிவிட்டு, அந்தத் தப்பைத் திருத்த என்னிடமே அத்தாட்சி கேட்டார். மெடிக்கல் போர்டு பார்த்து முடிவு சொல்லும் என்றார்கள். தேதி வரும், காத்திருங்கள் என்றார்கள்.

அந்த நாட்களில் ராம்சரணின் மனைவி அடிக்கடி போன் செய்வாள். இந்திதான் பேசுவாள், பாதி எனக்குப் புரியாத நாட்டுப்புற இந்தி. "தீதி, சாப் எப்படி இருக்கிறார்?" என்று அக்கா முறை வைத்துக் கேட்பாள். ஒரு நாள் அவள், "என்ன இருந்தாலும் உங்கள் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார். தட்டு வைக்கிறீர்கள், எடுக்கிறீர்கள். எனக்கு அதுவும் இல்லையே" என்று அழுதாள். நான் ஆறுதல் சொல்லிக்கொண்டே, இவளுக்கு ஒரே நாளில் முடிந்துவிட்டதே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டால் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்டுக்கறி வைத்திருந்தேன். இவருக்குச் சோறு ஊட்டுவது நிவேதாவின் முறை. பகலில் ஒரு ஆயா இருப்பாள்; கல்லூரி விட்டு வந்ததும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் பேச மாட்டாள். இந்தியில் பேசினால் அவர் முகம் அசைவதே இல்லை. தமிழில் பேச அவளுக்குக் கூச்சம்.

அன்று என்ன தோன்றியதோ, கரண்டியை எடுத்துக்கொண்டு, "அப்பா, கரி போடட்டா?" என்றாள். றகரம் அவள் வாயில் நிற்காது. கறி என்பது கரி என்றுதான் வரும்.

இவர் தலை நிமிர்ந்தது.

"எந்தச் சுரங்கத்துக் கரி?"

நிவேதா என்னைப் பார்த்தாள். நான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இவர் பேசி நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"சாம்பல் எவ்வளவு?" என்றார் இவர், மறுபடியும். மகளிடம்தான் கேட்டார்.

"நெ… நெறைய இருக்கு அப்பா" என்றாள் அவள்.

"அப்ப அத எரிக்காத."

அவ்வளவுதான். பிறகு வாய் மூடிக்கொண்டது. ஆனால் நிவேதா பிடித்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரியைப் பற்றிக் கேட்பாள். கேட்கவேண்டிய தமிழ் வார்த்தைகளை என்னிடம் வந்து வாங்கிக்கொண்டு போவாள். "அம்மா, பிகல்னாக்கு தமிழ்ல க்யா?" "உருகுறது." "அப்பா, சாம்பல் ஏன் உருகுது?" சில நாள் ஒரு வார்த்தை வரும். சில நாள் ஒரு முழு வாக்கியம். தன் பெயர் தெரியாது, என் பெயர் தெரியாது, பசி சொல்லத் தெரியாது. ஆனால் உலை தெரிந்தது. பிறந்தது முதல் அப்பாவும் மகளும் பேசிய மொத்தப் பேச்சைவிட அந்த இரண்டு மாதத்தில் அதிகம் பேசியிருப்பார்கள். நான் தோசைக் கல்லின் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

6

மெடிக்கல் போர்டு தேதி வந்தது. மூன்று டாக்டர்கள். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு போனால் எத்தனை, இது எந்த ஊர் என்று முதலில் இந்தியிலும் பிறகு ஆங்கிலத்திலும் கேட்டார்கள். இவர் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, "வீட்டில் பேசுவார் இல்லையா? இங்கே வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடுமோ?" என்றார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

நிவேதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் அப்பா நடிக்கவில்லை, சார்" என்றாள் இந்தியில். "நீங்கள் கேட்பது அவருக்குப் போய்ச் சேரவில்லை." நான் அவள் கையைப் பிடிப்பதற்குள் இவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, சாம்பல் நெறைய இருக்குற கரிய எப்டி வாயுவாக்கணும்? சொல்லுங்கப்பா."

இவர் நிமிர்ந்தார். கைகூட எழுந்தது.

"சாம்பல் உருகுற சூட்டுக்குக் கீழயே நிக்கணும்ட்டி. கொஞ்சம் ஏறிச்சுன்னா பாகா உருகி, கட்டியாயி, அடிவாய அடச்சிக்கிடும். அதனால கரியப் பொடிச்சுப் போட்டு, கீழ இருந்து நீராவியும் காத்தும் ஊதணும். கொதிக்கிற கஞ்சியில பருக்கை மெதக்கும் பாரு, அப்படி மெதக்க விடணும். ஒரு எடத்துல தங்க விடக் கூடாது."

இவ்வளவு நீளமாக அதுவரை பேசியதே இல்லை. நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். நானும் பெருமையாகத்தான் கேட்டேன்.

நடுவில் இருந்தவர் கவனமாக எழுதிக்கொண்டார். தொழில் விஷயங்களைத் தெளிவாக விளக்குகிறார் என்று எழுதினார். ஏற்கனவே உள்ள தகுதிச் சான்றை மாற்ற முகாந்திரமில்லை என்று எழுதினார்.

ஆட்டோவில் வரும்போது நிவேதா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "மேரி வஜஹ் சே அம்மா… என்னாலதான்."

"இல்லட்டி" என்றேன். இவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

7

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. தகுதி இருந்தும் நீண்ட நாள் வேலைக்கு வராத காரணத்தால், உடனே பணியில் சேர வேண்டும். தவறினால் வேலையை விட்டதாகக் கருதப்படும்.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சேர வேண்டுமென்றால் சேர்த்துவிடலாம் என்று தோன்றியது. நிவேதாவிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் கல்லூரிக்குப் போனதும் இவரைக் குளிப்பாட்டி, ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டை மாட்டி, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையைப் போட்டு ஆட்டோவில் ஏற்றினேன்.

வாசலில் வருகை பதியும் மெஷினில் இவர் கட்டைவிரலைப் பிடித்து வைத்தேன். அது 'தேங்க் யூ' என்றது. இவர் நாற்காலியில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கினாள். இவரை உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். பர்சனல் ஆபீசர் ஓடி வந்தார்.

"மேடம், இது என்ன செய்கிறீர்கள்?"

"நீங்கள்தானே கூப்பிட்டீர்கள். வேலை கொடுங்கள், செய்யட்டும்."

இவரோடு பல வருடம் வேலை பார்த்த தேஷ்பாண்டே டீ கொண்டுவந்து இவர் கையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஆலை மறுபடி ஓடுகிறது என்றார். "ஆனால் வெளியிலிருந்து வந்த நல்ல கரியைக் கலந்துதான் ஓட்டுகிறார்கள், அண்ணி. நம் கரியை மட்டும் வைத்து ஓட்டிப்பார்க்கும் தெம்பு சாபுக்குத்தான் இருந்தது." இதைச் சொல்லிவிட்டு இவர் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. தேஷ்பாண்டே எழுந்து போய்விட்டார்.

மதியம்வரை அப்படியே இருந்தோம். இவரிடம் வேலை கற்றவர்கள் அங்கே நிறையப் பேர். தள்ளி நின்று வணக்கம் சொன்னார்கள். பிறகு நாற்காலியிலிருந்து தரையில் சொட்டும் சத்தம் கேட்டது. பேன்ட் முழுக்க நனைந்திருந்தது. கழிப்பறைக்குக் கூட்டிப்போக எனக்கு நினைவே வரவில்லை. அந்தப் பெரிய ஹாலில் எல்லோரும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இவர் குனிந்து பார்த்தார். மேசையிலிருந்த பேப்பரை எடுத்து மடியை மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். விபத்துக்குப் பின் வந்த அந்த நல்ல மூன்று வாரங்களில் பார்த்தாரே, அதே பார்வை. யாரென்று தெரிந்த பார்வை.

"என்னைய ஏன் இங்க கூட்டிட்டு வந்த?" என்றார்.

8

காகிதம் கிடைத்துவிட்டது. பணியிடத்தில் இருக்க இயலாத நிலையில் இருக்கிறார் என்று அன்றைக்கே கம்பெனிக்காரர்கள் கைப்பட எழுதினார்கள். தேஷ்பாண்டே கண்ணால் கண்டதைச் சாட்சியாக எழுதிக் கொடுத்தார். நரம்பு டாக்டரம்மா விவரமாக ஒரு அறிக்கை தந்தார். இதையெல்லாம் வைத்து, விபத்தால் வந்த வியாதிதான் என்று போர்டு முந்தைய முடிவை மாற்றியது. வைத்தியத்துக்குக் கவலை இல்லை. வீட்டைக் காலி செய்ய வேண்டாம். இன்னொரு முறை அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் இன்னொரு முறையும் கூட்டிக்கொண்டு போவேன். வேறு என்ன வழி இருந்தது எனக்கு?

அன்றிலிருந்து இவர் வாயைத் திறக்கவில்லை. கரியைப் பற்றிக் கேட்டாலும் இல்லை. வியாதி முற்றியதாக இருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன்.

நடந்ததை நிவேதாவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. வழக்கம்போல அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அன்றும் கேட்டாள், மறுநாளும் கேட்டாள். பதில் வராமல் போகவே இப்போது வேறு மாதிரி செய்கிறாள். அவர் சொல்லிக் கொடுத்ததையே அவரிடம் திருப்பிச் சொல்கிறாள், வேண்டுமென்றே தப்புத் தப்பாக.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் உள்ளே அவள் குரல் கேட்கிறது. "சாம்பல் நெறைய இருந்தா ஒண்ணும் பயம் இல்லப்பா, சூட்ட இன்னும் ஏத்தணும். நல்லா ஏத்தணும். சாம்பல் உருகினா உருகட்டும். சரிதானப்பா?"

சொல்லிவிட்டு நிறுத்துகிறாள். நானும் பேனாவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்கிறேன்.